பழசைப் போட்டுப் புதுசு: பல்லடத்துக் கணக்கும் யாழ்ப்பாணத்துக் கணக்கும்

ஓட்டை உடைசலைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற தலைமுறை நான். தள்ளுவண்டிக்காரர் தராசு வைத்திருப்பார். ஆனால் இரும்பு கிலோ என்ன விலை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கை நிறையப் பழம் விழுகிறதா என்பதிலேயே கண் இருக்கும். அப்புச்சி (அம்மாவின் அப்பா) மட்டும் ஒரு கேள்வி கேட்பார்: "இரும்பு குடுக்காம, காசு குடுத்து இதே பழத்தை வாங்கியிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்னு கேட்டியாடா?"

கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு நான் இன்றைக்கும் சொல்வது அப்புச்சியின் இந்தக் கேள்வியைத்தான். ஆடி பிறந்தால் போதும், "உங்கள் பழைய கேமராவைக் கொண்டு வாருங்கள், புதியதை எடுத்துச் செல்லுங்கள்" என்று அறிவிப்பு வந்துவிடும். பழையதற்கு ஒரு தொகை, அதற்கு மேல் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் போனஸ், அதற்கும் மேல் வட்டியில்லாத் தவணை. கேட்கும்போது இனிக்கத்தான் செய்கிறது, பேரீச்சம்பழம் போல.

பல்லடத்தில் இருந்துகொண்டு விலை தெரியாமல் ஒரு பொருளை விற்பது கொஞ்சம் வெட்கக்கேடான காரியம். கறிக்கோழிக்குப் பண்ணைக் கொள்முதல் விலை என்னவென்று பி.சி.சி. எனப்படும் ஒருங்கிணைப்புக் குழு இங்கிருந்துதான் அறிவிக்கிறது. கட்டுப்படியாகாத விசைத்தறியைக் கழற்றி விற்றாலும் பழைய இரும்பு கிலோவுக்கு இன்ன விலை என்று கேட்டுத்தான் எடை போடுவார்கள். பழைய கேமராவுக்கு அப்படி அறிவிக்கப்பட்ட விலை கிடையாது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் போல, இதுவும் மறைவில் நடக்கிற பேரம்தான்.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு மதியம்

எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பியோடு போன ஆடியில் கோவை காந்திபுரத்துக்குப் போயிருந்தேன். அவன் கையில் நிக்கான் டி750. 2014-ல் வெளிவந்த மாடல். ஷட்டர் 1,50,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கணக்கு. இவனுடையது 1,38,000-ஐத் தொட்டிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் கிளிக், வருடத்துக்கு இருபது கல்யாணம் என்றால் 60,000. அந்தக் கணக்கில் இரண்டரை வருடத்திலேயே ஒரு ஷட்டரின் ஆயுள் முடிந்துவிடும்.

கடைப் பையன் கேமராவை வாங்கியதும் முதலில் பார்த்தது ரப்பர் பிடியைத்தான். கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ரப்பர் உப்பி எழும்பியிருந்தது. அடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கினான். மூலையில் நூல் நூலாக நான்கைந்து கீற்று. "தறிக்குடோன் பக்கத்துல வீடுங்களா?" என்று சிரித்தான். பஞ்சுத் தூசி எங்கள் ஊருக்காரன் கேமராவைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கடைசியாக ஒரு படத்தைக் கணினியில் ஏற்றி ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்தான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

முழு எண்களாகச் சொல்கிறேன். பழையதற்குக் கடை 20,000, நிறுவனத்தின் போனஸ் 10,000, ஆக 30,000 ரூபாய் கழியும் என்றார்கள். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்போது நான் அப்புச்சியின் கேள்வியைக் கேட்டேன்: "எக்ஸ்சேஞ்சே இல்லாம, மொத்தப் பணமும் குடுத்து எடுத்தா என்ன விலைங்க?"

மேலாளர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "உங்களுக்காக 12,000 கொறச்சுக்கறேனுங்க" என்றார்.

ஆக அந்த டி750-க்கு உண்மையில் கிடைப்பது 30,000 அல்ல, 18,000. காங்கேயத்துக்காரர் ஒருவர் அதை ஏற்கெனவே 26,000-க்குக் கேட்டிருந்தார். எக்ஸ்சேஞ்சில் போட்டால் 8,000 ரூபாய் கையை விட்டுப் போகும். அந்த 8,000 எதற்கான கூலி என்று பார்த்தால், தெரியாத ஆளிடம் விற்கும் தலைவலி, "வாங்கின மறுநாளே ஷட்டர் போயிருச்சு" என்று வரும் போன், இவற்றைத் தவிர்ப்பதற்கான கூலி. சிலருக்கு அது நியாயமான கூலியாகவே இருக்கும். அது கூலி என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டப் புத்தகத்தில் அப்புச்சி

அப்புச்சியின் இந்தக் கேள்வியை இந்தியாவின் ஜி.எஸ்.டி. விதிகளே கேட்டிருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பணத்தோடு பொருளும் கைமாறும்போது வரியை எதன் மீது போடுவது என்று சொல்வது விதி 27. அதிலுள்ள உதாரணமே எக்ஸ்சேஞ்ச்தான்: பழைய போனையும் 20,000 ரூபாயையும் கொடுத்துப் புதுப் போன் வாங்குகிறார் ஒருவர்; எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதன் விலை 24,000 என்றால், வரிக்கான மதிப்பு 24,000-தான்.

இதனால் கடைக்காரர் பக்கம் ஒரு கணக்கு மாறுகிறது. 2019 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கு வரி 18 சதவீதம். அதற்கு முன் 28 ஆக இருந்தது. வரியோடு 1,18,000 ரூபாய் ஆகும் கேமராவுக்குப் பில்லிலேயே 10,000 தள்ளுபடி கொடுத்தால் வரியும் சேர்ந்து இறங்கும். கடைக்குக் குறைவது சுமார் 8,475 ரூபாய்தான். அதே 10,000-ஐ எக்ஸ்சேஞ்சாகக் கழித்தால் வரி முழுசாக நிற்கும். அந்தப் பத்தாயிரத்தைப் பழைய கேமராவை விற்றுத்தான் கடை எடுத்தாக வேண்டும். அப்படி விற்கும்போது, விதிகளுக்கு உட்பட்டு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்குமான வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் வழி அவருக்கு உண்டு. ஆனாலும் பழையதைக் குறைத்து மதிப்பிட அவருக்கு எப்போதும் காரணம் இருக்கிறது. அவர் கெட்டவர் என்பதல்ல. கணக்கு அவரை அப்படித் தள்ளுகிறது.

உற்பத்தியாளரின் கணக்கு இன்னும் பழசு. 1850-களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரத்தின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். பழைய இயந்திரத்தைக் கொடுத்தால் விலையில் கழிவும் தந்தார். வாங்கிய பழசை மறுபடி விற்கவில்லை, உடைத்துப் போட்டார்கள். பழசு சந்தையில் சுற்றினால் புதுசு விற்காது என்ற கவலைதான். நிறுவனம் போனஸ் கொடுப்பதற்குப் பின்னால் இந்தக் கவலை இன்றைக்கும் இருக்கிறது. அதே சிங்கர் 1877-லேயே இலங்கைக்குப் போய், தவணையில் விற்பதை வீட்டுக்கு வீடு பழக்கியது. ஆனால் கேமரா விஷயத்தில் அந்தத் தீவு வேறு வழியில் நடந்திருக்கிறது.

"விசரே அண்ணை?"

அம்மாவின் கண் சிகிச்சைக்காகக் கோவைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரும் கல்யாணப் படக்காரர்தான். நம் கேமரா அவர் வாயில் கமரா. யூஸ்டு என்று நாம் சொல்வது அவருக்குப் பாவித்தது; பைத்தியம் என்பது விசர். எக்ஸ்சேஞ்ச் கதையைக் கேட்டதும், "பாவிச்ச கமராவை ஏன் கொம்பனிக்குக் குடுக்கிறியள்? விசரே அண்ணை? வெளியில வித்தால் காசெல்லோ!" என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணங்கள் இருக்கின்றன. சோனி 1994-லும், கேனான் 1997-லும், நிக்கான் 2007-லும் இந்தியாவில் தங்கள் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிவிட்டன. விற்பனை மந்தமானால் போனஸை அந்த நிறுவனமே தூக்கிக் கொடுக்க முடியும். இலங்கையில் கேனானுக்கும் நிக்கானுக்கும் விநியோகஸ்தர்கள்தான். போனஸ் கொடுப்பதானால் அவர்களுடைய லாபத்திலிருந்துதான் போக வேண்டும். ஆகவே அங்கே பழசை மாற்றிக் கொடுப்பது பெரும்பாலும் கடையோடு பேசி முடிக்கும் காரியம். புதுசு வாங்கும்போதும் முதலில் கேட்பது கொம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா என்று. இரண்டுக்கும் விலை வேறு.

பெரிய காரணம் டாலர். 2021 செப்டம்பரில், கைத்தொலைபேசி, வீட்டு மின்சாதனம் உட்பட 623 வகைப் பொருட்களை இறக்குமதி செய்ய முழுத் தொகையையும் முன்கூட்டியே வங்கியில் வைப்பாக வைக்க வேண்டும் என்றது இலங்கை மத்திய வங்கி. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்துக்குள் 360-ஐ எட்டியது. மதிப்புக்கூட்டு வரி 8 சதவீதத்திலிருந்து ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரி முதல் 18 என்று ஏறியது. இன்று பாக் நீரிணைக்கு இரு கரையிலும் கேமராவுக்கு அதே 18தான். ஆனால் அங்கே அந்த இடத்துக்கு ஏறி வந்தார்கள், இங்கே இறங்கி வந்தோம்.

இதைப் பழைய கேமராவின் மேல் வைத்துப் பாருங்கள். ஆயிரம் டாலர் கமராவை 200 ரூபாய்க் கணக்கில் 2,00,000-க்கு ஒருவர் வாங்குகிறார். இரண்டு வருடம் அடித்து உழைத்ததில் உலகச் சந்தையில் அதன் மதிப்பு 600 டாலராகிவிட்டது. 360 ரூபாய்க் கணக்கில் அது 2,16,000! தேய்ந்த பொருள் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை ஐந்து வருடம் கழித்துத்தான் தனியாருக்குத் திறந்த நாடு அது. பாவித்த கார் பொக்கிஷமானதைக் கண்ணால் கண்டவர்கள், பாவித்த கமராவைக் கொம்பனிக்குக் கொடுப்பார்களா?

ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கும் கூலி உண்டு. அங்கே 'இக்மன்' (ikman) என்றொரு விளம்பரத் தளம் உண்டு. அதில் படம் போட்டு, நூறு அழைப்புக்குப் பதில் சொல்லி, நல்ல விலை வேண்டுமென்றால் இரவு பஸ் ஏறிக் கொழும்பு பம்பலப்பிட்டிக்குப் போக வேண்டும். ஒருமுறை வாங்க வந்தவர் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, "வீட்டில கேட்டுச் சொல்லுறன்" என்று போனாராம். பஸ் காசும் ஒருநாள் வேலையும் போனது. கடலோரத்து ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படிவது வேறு. இங்கே பஞ்சு, அங்கே பூஞ்சை. துடைத்தால் பஞ்சு போய்விடும். பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிடும். அதனால் அங்கே வாங்குகிறவர் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது லென்ஸைத்தான்.

கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவுகள் புதுக் கமராவைக் கையோடு கொண்டுவருவதும் உண்டு. புதுசு உறவின் பெட்டியில் வந்துவிட்டால் பழசைப் போட்டு வாங்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

எப்போது போடலாம்?

இரு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. புதுசு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் நிறுவனம் பழசைத் தேடி வருகிறது. தட்டுப்பாடுள்ள இடத்தில் பழசே நாணயமாகிவிடுகிறது. எக்ஸ்சேஞ்ச் லாபமா நட்டமா என்பதை மாடல் மட்டும் முடிவு செய்வதில்லை. ஊரும் காலமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

பல்லடத்துக்காரருக்கு என் கணக்கு இது. ஷட்டர் ஆயுளை நெருங்கிய பாடி, திரை உடைந்தது, பில் தொலைந்தது ஆகியவற்றைத் தயங்காமல் எக்ஸ்சேஞ்சில் போடலாம். வெளியே விற்றால் பதில் சொல்லி மாளாது. போனஸுக்கு 'எந்தக் கேமராவானாலும் சரி' என்று அறிவித்திருந்தால், அலமாரியில் தூங்கும் பழைய சின்னக் கேமராவைக் கொண்டுபோங்கள். நல்ல பாடியை வீட்டில் விட்டுவிடுங்கள். அங்கே கேமரா வெறும் கூப்பன்தான். ஆடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் வெளிச்சந்தை விலை இறங்கியிருக்கும். பொறுக்க முடிந்தால் ஆவணி முகூர்த்தம் தொடங்கும் வரை பொறுங்கள்.

லென்ஸ் விஷயத்தில் மட்டும் பொறுமை உதவாது. 2018-ல் நிக்கான் இசட், கேனான் ஆர் என்ற மிரர்லெஸ் வரிசைகள் வந்ததோடு லென்ஸ் மாட்டும் வாயே மாறிவிட்டது. கல்யாணக்காரர்களின் செல்லப்பிள்ளையான நிக்கான் 50 எம்.எம். 1.8டி லென்ஸை எஃப்.டி.இசட். அடாப்டர் வழியாக மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது. அடாப்டருக்குள் அதற்கான மோட்டார் இல்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறுவது உறுதியென்றால் இப்படிப்பட்ட லென்ஸை வைத்திருக்க வைத்திருக்க விலை இறங்கத்தான் செய்யும். இது யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும்; டாலர் ஏறினாலும் மாட்டும் வாய் திரும்பி வராது.

தம்பி கடைசியில் கடைக்கும் போடவில்லை, காங்கேயத்துக்கும் விற்கவில்லை. மூன்று வருடமாக அவனிடம் லைட் பிடிக்கும் பொங்கலூர்ப் பையனுக்கு, மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்குக் கொடுத்துவிட்டான். எந்த மண்டபத்தில் அது கீழே விழுந்தது, எந்தப் பொத்தானை இரண்டு தரம் அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியும். ஏமாற்றினாய் என்று போன் வராது. யாழ்ப்பாணத்தவரிடம் இதைச் சொன்னேன். "நானும் என்ர பழசை எங்கட பெடியனுக்குத்தான் குடுத்தனான்" என்றார்.

ஆவணியில் பல்லடத்து மண்டபத்தில் ஒரு முகூர்த்தம். தம்பி புதுக் கேமராவோடு மணவறைக்கு முன்னால் நின்றான். பையன் பந்தி நடக்கும் பக்கம், ரப்பர் உப்பிய அதே டி750-ஓடு. அன்றைய அவன் கூலியில் தவணை 2,000 கழிந்தது.