மூதவையும் நியமன முறையும் : ஒரு மதிப்பீடு

பாராளுமன்றத்துக்கு இரண்டாவது அவையொன்று வேண்டுமென்ற கருத்து இலங்கையில் மறைவதும் மீண்டும் தோன்றுவதுமாக இருந்து வந்துள்ளது. புதிய அரசியல் யாப்பை ஆக்குதற்பொருட்டு அமைந்த வழிநடத்தற் குழு, 2017 செப்ரெம்பரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில், 55 உறுப்பினர் கொண்ட இரண்டாவது அவையொன்றை முன்மொழிந்தது. அம்முன்மொழிவின் தகுதியை எடைபோடுவதற்கு முன்னர், இந்நாட்டில் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் இயங்கி மறைந்த செனற் சபை என்னும் மூதவையின் வரலாற்றை நோக்குதல் இன்றியமையாதது. அவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஓர் அவையின் வலிமை அதற்கு வழங்கப்பட்ட அதிகாரத்தில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அதன் உறுப்பினர் யாரால் அனுப்பப்படுகின்றனரோ, அந்த மூலத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947 நவம்பரில் மூதவை முதன்முறை கூடியது. அதன் உறுப்பினர் முப்பதின்மர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை, மாற்றத்தகு தனிவாக்கு முறையில் விகிதாசாரப்படி தெரிவுசெய்தது. ஏனைய பதினைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டாண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் விலக, அவ்விடங்கள் மீண்டும் நிரப்பப்பட்டன. பிரதிநிதிகள் சபை கலைக்கப்படினும் மூதவை கலைவதில்லை. நீதி அமைச்சர் உட்படக் குறைந்தது இரு அமைச்சராவது அதில் அங்கம் வகித்தல் வேண்டும். நியமனம் பெறுவோர் பொதுச்சேவையிற் சிறந்தோராகவோ, கல்வி, சட்டம், மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல், வங்கித்தொழில், வர்த்தகம், கைத்தொழில், விவசாயம் ஆகிய துறைகளிற் புகழ்பெற்றோராகவோ அமைய முயலவேண்டுமென யாப்பு பணித்தது.

இவ்விதிகளின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. அவசரச் சட்டங்களைத் தடுத்தல், உணர்ச்சியைத் தூண்டும் விடயங்களை அமைதியான சூழலில் ஆராய்தல், தேர்தற் களத்தில் இறங்க விரும்பாத அறிஞரின் பணியை நாட்டுக்குப் பெறுதல், சிறுபான்மையினருக்கு ஒரு காப்பு அளித்தல் என்பனவே அவை. இவற்றுள் மூன்றாவது நோக்கம் ஓரளவு நிறைவேறியதென்பதை மறுத்தல் நீதியாகாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக விளங்கிய சேர் நிக்கலஸ் ஆட்டிகல மூதவையின் தலைவராகவும் இருந்தார். குடிசார் சேவையிலிருந்து வந்த சேர் கந்தையா வைத்தியநாதன் மூதவை வழியாக அமைச்சரானார். மலையகத்தின் பெரி. சுந்தரமும், சட்ட நுணுக்கத்துக்குப் பெயர்பெற்ற எஸ். நடேசனும் அவ்வவையில் அமர்ந்தனர். அறிஞர் அங்கு இல்லாமலில்லை. அவ்வறிஞரின் சொல்லுக்கு அங்கே எவ்வளவு பலம் இருந்தது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண இரு சட்டங்களை நோக்கினாற் போதும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947 தேர்தலில், கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் வென்ற கே. இராஜலிங்கம் உட்பட இலங்கை இந்தியர் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1952 இல் ஒருவரும் செல்லவில்லை. மூதவை இதனைத் தடுக்கவில்லை. நியமன வழியில் ஓரிருவருக்குக் கிடைத்த ஆசனம், இலட்சக்கணக்கானோர் இழந்த வாக்குக்கு ஈடாகவுமில்லை.

இரண்டாவது, 1956 இன் அரச கரும மொழிச் சட்டம். யூன் 5 ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் முன்வைக்கப்பட்ட மசோதா யூலை 7 ஆம் நாள் சட்டமாயிற்று. அவ்வேளை மூதவையிலிருந்தோரிற் பெரும்பாலோர், ஏப்ரில் தேர்தலுக்கு முன்னர் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியில் இடம்பெற்றோராவர். கலைக்கப்படாத அவை, ஆறாண்டுப் பதவி ஆகிய காப்புகள் யாவும் இருந்தும் அமைதியான மறுஆய்வு நிகழவில்லை. சிங்களம் மட்டும் என்ற கொள்கையை அக்கட்சியே அவ்வாண்டு பெப்ரவரியில் ஏற்றிருந்தமை இதற்குக் காரணம். பாதிப்பேரைக் கீழவைப் பெரும்பான்மையும் மீதிப்பேரை அப்பெரும்பான்மையின் தலைவரும் தெரிவுசெய்யும் அவை, அப்பெரும்பான்மையின் மனச்சார்பையே கொண்டிருக்கும். அதனிடம் வேறொரு தீர்ப்பை எதிர்பார்த்தல் பொருந்தாது.

நியமன ஆசனம் வேறு பயன்களுக்கும் உதவிற்று. 1960 யூலைத் தேர்தலிற் போட்டியிடாத சிறிமாவோ பண்டாரநாயக்க, மூதவை உறுப்பினராகவே உலகின் முதற் பெண் பிரதமராக ஆட்சி நடத்தினார். மக்கள் தெரிந்த அவை பிரதமரைத் தன்னிடத்தே வைத்து வினவ முடியாத நிலை இதனால் ஏற்பட்டது. 1965 இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் நியமனம் பெற்று உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்ட 1968 ஆம் ஆண்டிலேயே அவரும் பதவி துறந்தார். ஆசனத்தைத் தந்த கை, அதன் பயனைத் தர மறுத்தமைக்கு இது சான்று.

இரண்டாவது அவை முதலவையுடன் உடன்பட்டால் தேவையற்றது, முரண்பட்டால் தீங்கானது என்னும் வாதம் பிரெஞ்சுப் புரட்சிக்காலச் சிந்தனையாளர் சீயஸின் பெயரால் வழங்குகின்றது. மூதவையை ஒழிக்க விரும்பியோரும் இதையொத்த வாதத்தையே முன்வைத்தனர். 1971 ஒக்டோபர் 2 ஆம் நாள் மூதவை ஒழிந்தது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடைசெய்த 29 ஆம் பிரிவும் 1972 மே மாதக் குடியரசு யாப்போடு மறைந்தது. அப்பிரிவும் குடியுரிமைச் சட்டத்தைத் தடுக்கவில்லை என்பதை 1953 இல் கோமறைக் கழகம் கோடாகன்பிள்ளை வழக்கில் அளித்த தீர்ப்பு காட்டிற்று. எனவே, பலமற்ற காப்புகள் இரண்டும் வீழ்ந்தன எனலாம்.

ஆயினும் சீயஸின் வாதம் முழுமையானதன்று. இரு அவைகளும் ஒரே மூலத்திலிருந்து தோன்றும்போதே அது பொருந்தும். இந்தியாவின் மாநிலங்களவையில் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுவோர் பன்னிருவரே. ஏனையோரிற் பெரும்பாலோரை மாநிலச் சட்டசபைகள் தெரிவுசெய்கின்றன. மத்தியிலாளும் கட்சிக்கு மாநிலங்களில் வலுவில்லையெனின், அவ்வவையிலும் அதற்கு வலுவில்லை. முரண்பாடு அங்கே தீங்கன்று. அதுவே அவையின் பணி.

2017 இன் முன்மொழிவு இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தது. 55 பேரில் 45 பேரை, மாகாணத்துக்கு ஐவராக, ஒன்பது மாகாண சபைகளும் தம் உறுப்பினரிலிருந்து அனுப்ப வேண்டும். சான்றோர் பதின்மரைப் பாராளுமன்றம் தெரிவுசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பழைய மூதவையோடு ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றமாகும். எனினும் அம்மூலமே வற்றிவிட்டால் என்ன நிகழும்? கண்டியை அடுத்த பல்லேகலையிலிருந்து இயங்கும் மத்திய மாகாண சபை, 2013 தேர்தலில் 58 உறுப்பினரைக் கொண்டு அமைந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் பல கழிந்தன. உறுப்பினரற்ற மாகாணத்தை ஜனாதிபதி நியமித்த ஆளுநரே நிருவகித்தார். அத்தகைய சபை ஐவரை எங்ஙனம் அனுப்பும்? அனுப்புவதாயின், அது மீண்டும் கொழும்பின் நியமனமாகவே முடியும்.

ஆகவே, இரண்டாவது அவை வேண்டுமென வாதிடுவோர், அதன் அதிகாரங்களை வரையுமுன் அதன் வேர்களைக் காத்தல் வேண்டும். மாகாண சபைத் தேர்தலைக் குறித்த காலத்தில் நடத்துதல் யாப்பினாற் கட்டாயமாக்கப்பட வேண்டும். அஃதின்றேல், மலையகத் தமிழரும் ஏனைச் சிறுபான்மையினரும் பெறப்போவது மற்றுமொரு செனற் சபையே. அவர்களுக்குத் தேவையானது, யாரோ அளிக்கும் ஆசனமன்று. தாமே அனுப்பித் தாமே திருப்பியழைக்கக்கூடிய பிரதிநிதி.