கணக்கதிகாரத்தின் வட்டவிதியும் அதன் நேர்மாறும்

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் பாராட்டுவோர் பலர், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அந்நூல் எவ்வளவு நுட்பமாகக் கூறியது என்பதோடு நின்றுவிடுகின்றனர். ஒரு விதியைப் பின்னோக்கியும் செலுத்த இயலுமா என்பது அதனினும் கூர்மையான வினா.

அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் பரப்பு என்பது நூலின் வட்டவிதி. இதில் விகித எண் இடம்பெறவில்லை. இரண்டு அளவுகளையும் கயிற்றால் அளந்தால் போதும். அதுவே இவ்விதியின் வலிமை. அதன் எல்லையோ களத்தில் புலப்படும். 1895இல் பெரியாற்று நீர் வந்த பின்னரும் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்றுப் பாசனம் தொடர்கிறது. வட்டக் கிணற்றின் விளிம்பைச் சுற்றி அளப்பது எளிது. நடுவழியே குறுக்களவு பிடிப்பது கடினம். சுற்றளவு 88 அடி எனில், 7ஆல் பெருக்கி 22ஆல் வகுக்க விட்டம் 28 அடி. பரப்பு 44 × 14 = 616 சதுர அடி. இங்கு நேர்மாறு வெறும் வகுத்தலே.

பரப்பு மட்டும் தரப்பட்டால் நிலைமை வேறு. அறியாத அளவுகள் இரண்டு, விதி ஒன்று. எனவே விகிதத்தின் துணை கட்டாயமாகிறது. 616ஐ 14ஆல் பெருக்கி 11ஆல் வகுத்தால் 784. அதன் வர்க்கமூலம் 28. நீளம் குறை எண்ணாகாது என்பதால் விடை ஒன்றே. பரப்பை 1232 ஆக இரட்டித்தால் விட்டம் 56 அடி ஆகாது, ஏறத்தாழ 39.6 அடியே. 56 அடி விட்டத்தில் தோண்டினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். வெட்டுக்கூலியும் அதற்கேற்பப் பெருகும்.

இந்த வர்க்கமூலத்துக்கு வழி எது? செந்தில் பாபுவின் 2022ஆம் ஆண்டு நூல், இத்தகைய கணக்குகளைத் திண்ணைப் பள்ளியின் மனனப் பயிற்சியோடு இணைத்து வாசிக்கிறது. அவ்வாசிப்பை ஒரு படி நீட்டலாம். குழிமாற்றில் 12க்கு 144 என மனனம் செய்தவர், 144 என்றதும் 12 எனச் சொல்ல வல்லவர். 1568 என்பது 39இன் வர்க்கமான 1521க்கும் 40இன் வர்க்கமான 1600க்கும் இடைப்பட்டது என்பதும் இவ்வகைத் தலைகீழ் வாசிப்பால் கிட்டுவதே. வட்டவிதி தானே சொல்லாத நேர்மாறு, வாய்ப்பாட்டின் நினைவில் உறைந்திருக்க இடமுண்டு.

இவ்வாறு கொண்டால், மனனத்தைக் கிளிப்பிள்ளைப் பயிற்சி எனத் தள்ளும் மதிப்பீடு தளர்கிறது. நூலையும் எண்சுவடியையும் தனித்தனியே பதிப்பிக்கும் வழக்கமும் மறுபரிசீலனைக்குரியது. விதியையும் வாய்ப்பாட்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதே தமிழ்க் கணக்கு மரபின் இரு திசைகளும் தெளிவாகும்.