ஆங்கிலச் சிறுமியர் படக்கதை இதழ்கள்: சேகரிப்பும் மொழியாய்வும்

பிரிட்டனில் சிறுமியர்க்கென வெளிவந்த வாரப் படக்கதை இதழ்களுள் நெடுங்காலம் நிலைத்தவற்றில் ஒன்று 'பண்ட்டி'. டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனம் 1958இல் தொடங்கிய இது 2001 வரை வார இதழாக வந்தது. இத்தகைய இதழ்களைச் சேகரிப்போர் முதல் இதழையும், இலவசப் பொருள் குன்றாத பிரதியையும், கத்தரிக்கோல் படாத பின்னட்டையையும் உயர்வாக மதிக்கின்றனர். பண்ட்டியின் பின்னட்டையில் காகிதப் பாவையும் அதற்குரிய ஆடைகளும் அச்சிடப்பட்டன; வெட்டி விளையாடுவதற்கென்றே அச்சிட்டதை வெட்டிய பிரதி சந்தையில் பழுதுற்றதாகிவிடுகிறது!

இம்மதிப்பீட்டில் இடைப்பட்ட சாதாரண வாரங்கள் பின்தள்ளப்படுகின்றன. மொழியாய்வுக்கு வேண்டுவனவோ அவையே. முதல் இதழ் முதல் வந்த 'தி ஃபோர் மேரிஸ்' தொடரை நோக்கினால் இது விளங்கும். விடுதிப் பள்ளியில் பயிலும் மாணவியர் நால்வர்க்கும் மேரி என்பதே பெயர். ஆகவே குடும்பப் பெயர்கள் குறுகி விளிப்பெயர்களாயின: ராட்லி 'ராடி' ஆனாள், சிம்சன் 'சிம்ப்பி' ஆனாள், ஃபீல்டு 'ஃபீல்டி', காட்டர் 'காட்டி'. ராடி பிரபுவின் மகள். சிம்ப்பி உதவித்தொகை பெற்று வந்த எளிய குடும்பத்துப் பெண். ஒரே இகர ஈறு இருவரையும் சமமாக்குகிறது. வகுப்பு வேறுபாட்டை மையமாகக் கொண்ட தொடரில் இவ்வீறு செய்யும் பணி சிறிதன்று.

இதனைத் தமிழாக்குவோர்க்கு 'நீ', 'நீங்கள்' என்னும் தெரிவு தவிர்க்க இயலாதது. பிரபுவின் மகளுக்கு 'நீங்கள்' இட்டால் கதையே சிதையும். 'நீ' இடுவதும் மட்டும் போதாது. சிம்ப்பியை இழிவுபடுத்தும் செருக்குடைய மாணவியரும் அவளை 'நீ' என்றே அழைப்பர். நட்பின் 'நீ'யையும் இகழ்ச்சியின் 'நீ'யையும் பிரித்துக் காட்டுவது விளிப்பெயரே. ஆதலின் அதனை 'மேரி' எனப் பொதுவாக்குதல் தகாது. இவ்வழக்கு ஆண்டுதோறும் எவ்வாறு நின்றது, எங்கு நெகிழ்ந்தது என்பதைத் தொடர்ச்சியான இதழ்த் தொகுதியே காட்டும். தனி இதழ் காட்டாது.

மறுபதிப்புகள் இக்குறையை ஓரளவே நீக்குகின்றன. 2016இல் ரெபெல்லியன் நிறுவனம் 'மிஸ்டி', 'ஜிண்ட்டி', 'டாமி' ஆகிய பழைய இதழ்களின் உரிமையைப் பெற்றுத் தெரிந்தெடுத்த கதைகளை நூலாக்கத் தொடங்கியது. அரிய பணிதான். எனினும் நூலில் கதை மட்டுமே வருகிறது. சிறுமியர் தம் மொழியில் எழுதிய வாசகர் கடிதங்களும் அவற்றையடுத்த விளம்பரங்களும் மட்கும் தாளிலேயே தங்கிவிடுகின்றன.