மேடையில் எழுதப்படும் ராக்

தென் லண்டன் பிரிக்ஸ்டனில், 1816இல் கட்டப்பட்ட பழைய காற்றாலைக்குப் பக்கத்தில் ‘தி விண்ட்மில்’ என்றொரு மதுக்கூடம் இருக்கிறது. சுமார் 150 பேர் நின்றால் நிறைந்துவிடும். கடந்த பத்து ஆண்டுகளில் பிரிட்டிஷ் ராக் இசையில் நடந்த துணிச்சலான சோதனைகள் பல இங்கேதான் முளைத்தன. குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் டிம் பெர்ரி, பெயர் தெரியாத இளைஞர்களையும் நம்பி மேடை ஏற்றினார். ஷேம், கோட் கேர்ல், பிளாக் மிடி, பிளாக் கன்ட்ரி நியூ ரோடு எல்லாம் இங்கே வாசித்துப் பழகிய குழுக்கள்.

இவர்களில் பலருக்கு ஒலிப்பதிவு என்பது பிந்தைய வேலை. பாட்டு உருவானதே கூட்டத்தின் முன்னால்தான்.

பிளாக் மிடியைப் பாருங்கள். க்ராய்டனில் உள்ள பிரிட் கலைப் பள்ளியில் படித்த நால்வர். பதிவாக எதுவும் வெளிவராத நாட்களிலேயே கச்சேரிகளால் பேர் பரவியது. 2018இல் இதே விண்ட்மில்லில், ஜெர்மனியின் ‘கேன்’ குழுவில் முன்பு பாடிய டாமோ சுசுகியுடன் சேர்ந்து வாசித்தார்கள். போகும் ஊரில் உள்ள இசைக்கலைஞர்களோடு ஒத்திகையே இல்லாமல் பாடுவது சுசுகியின் வழக்கமாக இருந்தது. அந்த இரவின் பதிவும் வெளிவந்தது.

அவர்களுடைய ‘பிஎம்பிஎம்பிஎம்’ பாட்டின் அடித்தளம் கிட்டத்தட்ட ஒரே ஒரு சுரம். அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். பாடகர் ஜோர்டி க்ரீப் மூக்கால் பேசுவதுபோல ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார். மார்கன் சிம்ப்சனின் டிரம்ஸ் அடங்கி இருக்கிறது. சட்டென்று கிதார்கள் வெடிக்கின்றன. மறுபடி அதே சுரம். ராகமோ பல்லவியோ தரும் சுகத்தை இவர்கள் தருவதில்லை. அடுத்த வெடிப்பு எப்போது என்ற பதற்றமே பாட்டைத் தாங்குகிறது. ஒலிப்பதிவில் கேட்பவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும் என்பேன். 2019இல் வந்த முதல் ஆல்பம் ‘ஷ்லாகன்ஹைம்’ பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசின் இறுதிப்பட்டியலுக்குப் போனது.

பிளாக் கன்ட்ரி நியூ ரோடின் கதை இன்னும் கடினமானது. வயலின், சாக்ஸபோன், பியானோ எல்லாம் உள்ள ஏழு பேர் குழுவாக இருந்தது. 2022 பிப்ரவரி 4 அன்று இரண்டாவது ஆல்பம் வெளியாக இருந்தது; நான்கே நாட்களுக்கு முன் பாடகர் ஐசக் வுட் விலகுவதாக அறிவித்தார். மற்ற ஆறு பேரும் அவர் பாடிய பாடல்களைத் தொடவே மாட்டோம் என்று முடிவு செய்து, புதிதாக எழுதிய பாடல்களோடு சில மாதங்களிலேயே மேடை ஏறினார்கள். கையில் இருந்த புகழை அப்படியே கீழே வைத்துவிட்டு வருவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

அந்தப் பாடல்களுக்கு ஸ்டூடியோ ஆல்பம் கிடையாது. 2022 டிசம்பரில் லண்டன் புஷ் ஹாலில் நடந்த கச்சேரிகளின் பதிவுதான் 2023இல் ஆல்பமாக வந்தது. அதில் ‘டர்பைன்ஸ்/பிக்ஸ்’ என்ற நீண்ட பாட்டில் குழுவின் மே கெர்ஷா தனியே பியானோ வாசித்துப் பாடுகிறார். மற்றவர்கள் நெடுநேரம் காத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வாத்தியமாகச் சேர, பாட்டு கூடம் அதிர எழும்புகிறது.

க்ரீப் 2024இல் பிளாக் மிடி முடிந்துவிட்டதாகச் சொல்லித் தனி ஆல்பம் வெளியிட்டார். பிளாக் கன்ட்ரி நியூ ரோடு 2025இல் ‘ஃபாரெவர் ஹவ்லாங்’ தந்தது. அதில் குழுவின் மூன்று பெண்கள் பாடுகிறார்கள். அதிலும் பல பாடல்கள் ஸ்டூடியோவுக்கு வருமுன் ரசிகர்கள் கச்சேரிகளில் கேட்டவை.