விழுந்த விமானியின் பக்கங்கள்

சுவா சூ காங்கில் குடியிருப்பவர்களுக்குப் போர் விமானச் சத்தம் புதுசில்லை. தெங்கா தளம் பக்கத்திலேயே இருக்கு. எஃப்-16 மேலே போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஜான் மெக்கெய்னின் 'ஃபெய்த் ஆஃப் மை ஃபாதர்ஸ்' (1999) நூலையும் அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்து முடித்தேன்.

தாத்தா, அப்பா இருவரும் அமெரிக்கக் கடற்படையில் அட்மிரல்கள். பேரன் கடற்படை விமானி. 1967 அக்டோபரில் ஹனோய் மேல் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிறகு ஐந்தரை ஆண்டு சிறை. சித்திரவதை தாங்காமல், தன்னைக் குற்றவாளி என ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டதை அவர் மறைக்காமல் எழுதுகிறார். கைகளும் காலும் உடைந்ததைவிட, இது அப்பா காதுக்குப் போய்விடுமே என்ற பயம்தான் அவரை அதிகம் வதைக்கிறது. நூலின் உச்சம் அந்தப் பக்கங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. தாத்தா, அப்பா புகழ் பாடும் முதல் பகுதிகள் ரொம்ப நீளம். 1973 விடுதலையோடு கதை முடிந்துவிடுகிறது. விமானி எப்படி அரசியல்வாதி ஆனார் என்பதே இதில் இல்லை. அதோடு, அதிபர் வேட்பாளராக அவர் முயன்றுகொண்டிருந்த நேரத்தில் வந்த புத்தகம் இது. பலவீனத்தைச் சொல்வதும் ஒருவகை ஓட்டு வேட்டைதானே என்று கேட்கலாம். இருக்கட்டும். எங்கே உடைந்தேன் என்று சொல்கிற மனிதனை வாசகன் நம்புகிறான்.

புத்தகத்தை மூடியதும் நம்ம ஊர் இங் சீ மெங் நினைவுக்கு வந்தார். போர் விமானி, ஆகாயப் படைத் தலைவர், பின்பு 2013 முதல் 2015 வரை தற்காப்புப் படைத் தலைவர். சீருடையைக் கழற்றிய கொஞ்ச நாளில், 2015 செப்டம்பர் தேர்தலில் பாசிர் ரிஸ்-பொங்கோல் குழுத்தொகுதியில் ஆறு பேர் அணியில் ஒருவராக நின்று 72.89 விழுக்காட்டுடன் வென்றார். அக்டோபரில் தற்காலிகக் கல்வி அமைச்சர். 2020ல் செங்காங்கில் அவருடைய அணி பாட்டாளிக் கட்சியிடம் தோற்றது. 2025 மே மாதம் ஜாலான் காயு தனித்தொகுதியில் 51.47 விழுக்காட்டில் கரையேறினார்.

இப்படிப்பட்ட வாழ்க்கையை நாம் பதவிப் பட்டியலாகத்தான் எழுதுகிறோம், நான் மேலே எழுதியதைப் போலவே. தோல்விக்கு ஒரு வரி. எனக்கோ கதையே அங்கேதான் தொடங்குகிறது. படையில் உத்தரவு போட்டால் வேலை நடக்கும். வீவக தாழ்வாரத்தில் கதவைத் தட்டினால் திறப்பது வீட்டுக்காரர் இஷ்டம். ஒட்டுமொத்தப் படைக்கும் தலைவராக இருந்தவர் ஐந்து வருஷம் கழித்து மறுபடி போய்த் தட்டுகிறார். அதுவும் எங்கே? பரோட்டாவுக்குப் பேர்போன ஜாலான் காயு, ஒரு காலத்தில் சிலேத்தார் விமானப்படைத் தளத்துக்குப் போகிற சாலை. சிறுகதையில் யாராவது இப்படி வைத்திருந்தால் 'சினிமாத்தனம்' என்று வெட்டச் சொல்லியிருப்பேன்! அவருக்கு ஓட்டுப் போடுவதும் போடாததும் வேறு விஷயம். அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி ஒரு கதை, நான் படித்தவரையில் சிங்கப்பூர்த் தமிழில் இல்லை.

ஏன் எழுதுவதில்லை என்று எனக்கே தெரியும். பதினெட்டு வயதில் விமானியாக விண்ணப்பித்தேன். கண் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அவனே வேணாம்னுட்டான், இன்ஜினியரிங்தான் படிப்பானாம்" என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தார். பத்து வருஷமாக நானும் அதைத் திருத்தவில்லை.

வாசிக்க நினைப்பவர்கள் பொறுமை இல்லையென்றால் நேரே ஹனோய் பகுதிக்குப் போகலாம். அப்பாவுக்கு ஆங்கிலப் புத்தகம் சரிப்படாது. அந்தச் சில பக்கங்களை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தமிழில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.