ஜமிலாவுக்கு ஒரு கல்

ஜமிலாவுக்குக் கழுத்து கிடையாது. தலை எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒரே மேடாகச் சரிந்து இறங்கும். உடம்பெங்கும் வற்றிய ஏரிப் படுகை மாதிரி வெடிப்பு. ஜப்பானில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சட்டைக் கழுத்தை நெற்றிவரை இழுத்து மாட்டிக்கொண்டு ஜமிலா வேடம் போட்டு ஆடியிருக்கிறார்கள். விளையாட்டுக்கு அவ்வளவு வாகான இந்த உருவம், சாகும்போது மட்டும் பார்த்தவர் தொண்டையை அடைக்கச் செய்துவிட்டது.

அல்ட்ராமேனை ஜொகூர்வாசிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரவுச் சந்தையான பசார் மாலாமில் தொங்கும் அந்த வெள்ளி முகமூடியை அழுது அடம்பிடித்து வாங்காத பிள்ளை எந்த இனத்திலும் இருக்காது. முதல் தொடர் ஜப்பானில் 1966 ஜூலையில் தொடங்கி 1967 ஏப்ரலில் முடிந்தது, 39 பகுதிகள். ‘காட்ஸில்லா’ படத்துக்குத் தந்திரக் காட்சிகள் அமைத்த எயிஜி சுபுராயாவின் நிறுவனம் எடுத்தது. எங்கள் தோட்டத்துக்கு அது வாடகை வீடியோ கேசட்டாக, பல கை மாறித் தேய்ந்து, மேலும் கீழும் கோடு ஓடியபடி வந்து சேர்ந்தது. வசனம் புரியாது. புரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பூதம் வரும், கட்டடத்தை உடைக்கும், நாயகன் எழுவான், நெஞ்சு விளக்கு சிவப்பாகி மினுக்கும், கையைக் குறுக்கே வைத்து ஒளி பாய்ச்சுவான், பூதம் வெடிக்கும். நாங்கள் கைதட்டுவோம்.

கைதட்டாத ஒரே பகுதி 23-வது, ஜமிலா வரும் பகுதி.

அது ஜப்பானில் ஒளிபரப்பான நாள் 1966 டிசம்பர் 18. எழுதியவர் மமோரு சசாகி, இயக்கியவர் அகியோ ஜிஸ்ஸோஜி. தலைப்பைத் தமிழில் ‘பூமிதான் என் ஊர்’ என்று வைக்கலாம். வளர்ந்த பிறகு, வசனம் புரியும்படி மறுபடி பார்த்தபோதுதான் எவ்வளவு நுணுக்கமாக நெய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

டோக்கியோவில் சர்வதேச அமைதி மாநாடு. அதற்கு வருகிற பிரதிநிதிகளின் வாகனங்கள் வழியிலேயே ஒவ்வொன்றாக அழிகின்றன. தாக்குவது எது என்று யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அறிவியல் காவல் படையில் இடே என்றொரு இளைஞன். தொடர் முழுக்கச் சிரிப்பு மூட்டுகிறவன், கருவிகள் செய்கிறவனும் அவன்தான். மூன்று விளக்குகளின் ஒளியைச் சேர்த்துப் பாய்ச்சி, மறைந்து பறக்கும் கலத்தை வெளிக்காட்டும் கருவியொன்றைச் செய்கிறான். கலம் விழுகிறது. உள்ளிருந்து அந்தக் கழுத்தில்லா உருவம் எழுந்து நிற்கிறது.

இங்கேதான் கதை மடங்குகிறது. படையின் பாரிஸ் தலைமையகத்திலிருந்து வந்திருக்கும் ஆலன், அந்தப் பூதத்தைப் பெயர் சொல்லி அழைத்துவிடுகிறான். பூதத்துக்கு எப்படிப் பெயர்? ஜமிலா ஒரு மனிதன். விண்வெளிப் போட்டிக் காலத்தில் ஒரு நாடு அனுப்பிய விண்வெளி வீரன். நாட்டின் பெயரைக் கதை கடைசிவரை சொல்வதில்லை. எந்த நாடாகவும் இருக்கலாம் என்பதுதான் அந்த மௌனத்தின் பொருள். கலம் வழிதவறி, நீரும் காற்றும் இல்லாத ஒரு கோளில் விழுந்துவிட்டது. அனுப்பிய அரசு ஊருக்குத் தெரியாமல் சங்கதியை மூடிவிட்டது. அவன் அங்கேயே கிடந்து, உடம்பு இப்படி மாறி, கலத்தைத் தானே செப்பனிட்டு, கணக்குத் தீர்க்கத் திரும்பியிருக்கிறான். அல்ஜீரிய விடுதலைப் போராட்ட வீராங்கனை ஜமிலா புஹிரெதின் பெயரைத்தான் சசாகி எடுத்துக்கொண்டார் என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்திடம் சித்திரவதைப்பட்டு, 1957-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டவர் அவர். இதை அறிந்தபின், கதையில் ஆணை வரும் ஊர் பாரிஸ் என்பதும் சும்மா வைத்ததாகத் தோன்றவில்லை.

அந்த ஆணையைக் கேளுங்கள். அவன் யார் என்று வெளியே சொல்லாதீர்கள், விண்ணிலிருந்து வந்த ஒரு மிருகம் என்றே கொன்று முடித்துவிடுங்கள். பாதிக் கதை முழுக்க, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்க இடே பாடுபட்டான். தெரிந்த அடுத்த நிமிடமே அதைத் திரும்ப மறைக்கச் சொல்லி மேலிடம் உத்தரவு போடுகிறது. மூன்று விளக்குக் கருவியை இந்த ஒரு முரணுக்காகவே சசாகி கதைக்குள் கொண்டுவந்தார் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுப் பொருள். பெரியவர்களுக்குக் கதையின் திறவுகோல்.

இடே சண்டைக்கு வர மறுக்கிறான். ஜமிலா நமக்கு மூத்தவன், நாளைக்கு நமக்கும் இதே கதி வரலாம் என்கிறான். எப்போதும் கோமாளித்தனம் செய்கிறவன் வாயில் இதை வைத்ததுதான் அழகு. அல்ட்ராமேனாக உருமாறுகிற நாயகன் ஹயாதா சொல்லியிருந்தால் அது உபதேசம். சிரிக்கவைத்தே பழகியவன் முகம் இறுகும்போது, பார்க்கிற பிள்ளைக்கு மொழி தேவைப்படவில்லை. தோட்டத்து வீட்டில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ‘என்னவோ ஆகிவிட்டது’ என்று தெரிந்தது அந்த முகத்தால்தான்.

ஜமிலா ஒரு மலைக் கிராமத்தைக் கொளுத்துகிறான். கதை அவனை நல்லவனாக்கிக் காட்டவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். அவன் அழிப்பது தன்னைக் கைவிட்ட அதிகாரிகளை அல்ல, ஏதுமறியாத குடியானவர் வீடுகளை. இடேயே பொறுக்காமல், உனக்குள் மனித மனம் செத்துவிட்டதா என்று கத்துகிறான். அப்போது ஜமிலா ஒரு கணம் நின்று, எரிகிற வீடுகளைப் பார்க்கிறான். அவ்வளவுதான். ரப்பர் உடைக்குள் ஒரு மனிதன் அசையாமல் நிற்கிறான். உடையின் முகத்தில் ஒரு தசைகூட மாறாது. ஆனாலும் அவன் நினைவுகூர்கிறான் என்று நமக்குத் தெரிகிறது. தீயின் வெளிச்சத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஜிஸ்ஸோஜி அந்த நினைவை எழுப்பிவிட்டார். அவருடைய காட்சிகளில் முகங்கள் பாதி இருட்டில் கிடக்கும். ஆட்கள் எதன் பின்னாலோ நின்று பேசுவார்கள், வெளிச்சம் முதுகுப்புறமிருந்து வரும். பிள்ளைகள் தொடருக்கு இது அதிகம் என்று அந்தக் காலத்தில் யாராவது முணுமுணுத்திருந்தால் ஆச்சரியமில்லை.

நெருப்பு ஜமிலாவை ஒன்றும் செய்யாது. நீர்தான் அவனுக்கு எமன். நீரில்லாத கோளில் நாவறண்டு தவித்தவன், நீர் நிறைந்த சொந்த மண்ணுக்கு வந்தபின் நீர் பட்டாலே துடித்துப்போகிறான். இதை யாரும் வசனமாக விளக்குவதில்லை, நல்லவேளை. செயற்கை மழையைப் பொழியவைக்கிறார்கள். அதிலும் தப்பி, மாநாட்டு மண்டபத்தை நோக்கி நடக்கிறான். அங்கே உலக நாடுகளின் கொடிகள் வரிசையாகப் பறக்கின்றன. அல்ட்ராமேன் வருகிறான்.

மற்றப் பகுதிகளில் நாங்கள் காத்திருந்த ஒளிக்கதிர் இதில் கிடையாது. அல்ட்ராமேன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து முன்னே நீட்டுகிறான். விரல் நுனியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. கும்பிடுவது போன்ற அந்தக் கையமைப்பைத் தெரிந்தே வைத்தார்களா, தண்ணீர்க் குழாயை மறைக்க வசதியாக இருந்ததா, எனக்குக் கவலையில்லை. பார்க்கிறவனுக்கு அது மன்னிப்புக் கேட்கிற கை. ஜமிலா சேற்றில் விழுகிறான். எழ முயல்கிறான், வழுக்குகிறான், மறுபடி விழுகிறான். பொறுக்கமுடியாத அளவுக்கு அந்தக் காட்சி நீள்கிறது. புரளும்போது அந்தக் கொடிகள் அவன் உடம்பின்கீழ் சிக்கிச் சேற்றோடு சேறாகின்றன. எந்த நாட்டுக் கொடி என்று பார்க்க முடிவதில்லை. கதை பெயர் சொல்லாமல் விட்ட நாட்டுக் கொடியும் அதில் இருந்திருக்கும்தானே?

அவன் கத்துவது கைக்குழந்தை அழுகிற குரல். பூதங்களுக்கு உறுமலும் பிளிறலும் கேட்டுப் பழகிய காதுக்கு அது என்னவோ செய்தது. சமையற்கட்டில் இருந்த ஆயா, “யாருடா பச்சப் புள்ளைய அழவிடுறது?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்திருக்கிறது. திரையைப் பார்த்தது, நின்றது, எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டது. ஒலி அமைத்தவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் தந்திருக்க முடியாது.

எதிரியின் சாவுக்கு நம்மை அழவைப்பது தமிழுக்குப் புதிதல்ல. கம்பனின் கும்பகருணன் சாகும் இடத்தில் இராமன் பக்கம் நிற்கிறவரும் கலங்காமல் இருக்க முடியாது. ஆனால் கும்பகருணன் பேசுகிறான், தன் நியாயத்தைச் சொல்கிறான். ஜமிலாவுக்கு ஒரு சொல்கூட இல்லை. பேச்சையும் அந்தக் கோள் பிடுங்கிக்கொண்டது.

முடிவில் ஒரு கல்லறை. உலோகத் தகட்டில் பெயரும், 1960–1993 என்ற ஆண்டுகளும், மனிதகுலத்தின் கனவுக்கும் அறிவியலின் வளர்ச்சிக்கும் உயிர் தந்தவன் என்கிற வாசகமும். தொடர் நடப்பது எதிர்காலத்தில் என்பதால் அந்த ஆண்டுகள். எல்லோரும் கிளம்பிய பிறகும் இடே மட்டும் அங்கேயே நிற்கிறான். பலியானவர்களுக்கு எப்போதும் இப்படித்தான், எழுதுகிற வாசகம் மட்டும் அழகாக இருக்கும் என்று கசந்துகொள்கிறான். தோழர்கள் தூரத்திலிருந்து அவனைக் கூப்பிடுகிறார்கள். படம் முடிகிறது.

கற்பனைக்கும் நடப்புக்கும் அந்த ஆண்டுகளில் அதிகத் தூரம் இல்லை. 1957 நவம்பரில் சோவியத் அனுப்பிய லைக்கா என்ற நாய், வெப்பம் தாங்காமல் சில மணி நேரத்திலேயே செத்துப்போனது 2002-இல்தான் வெளியே வந்தது. ஜமிலா ஒளிபரப்பாகி ஆறு வாரத்துக்குள், 1967 ஜனவரி 27 அன்று, அமெரிக்காவின் அப்போலோ 1 கலத்தில் தரையிலேயே தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள்.

ஆனால் ஜொகூரில் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்தக் கதை விண்வெளியைப் பற்றியது மட்டும் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தபோது, தாய்லாந்தையும் பர்மாவையும் சேர்த்த அந்த 415 கிலோமீட்டர் பாதை ஓரமெல்லாம் பிணம். இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசையாகக் கிடக்கிறார்கள், புல் வெட்டி, பூச்செடி வைத்து. தமிழ்க் கூலிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. காலராவில் விழுந்த இடத்திலேயே குழிக்குள் தள்ளப்பட்டார்கள். ஆயாவின் அண்ணனும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்தான்.

வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் அந்த முறையில், நடுவதற்குமுன் கல்லை நீராட்டுவதும் ஒரு படி. நீரில் செத்த ஜமிலாவுக்குக் கல் நட்ட இந்தப் பகுதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீர்ப்படை நினைவுக்கு வரும். இடே வெறுத்த அந்த அழகான பொய் வாசகம்கூட நம் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வரும். இடே சொன்னது சரிதான். இருந்தாலும் அவன் கொடுத்துவைத்தவன். கோபித்துக்கொள்ள அவன் முன்னால் பெயர் பொறித்த ஒரு கல்லாவது இருந்தது.

ஜிஸ்ஸோஜி எப்போதும் இப்படி இறுக்கமாக இருந்தவர் அல்லர். ஹயாதா அவசரத்தில் உருமாற்றக் கருவிக்குப் பதிலாகக் கறிச்சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடிக்கும் 34-வது பகுதியும் அவர் இயக்கியதுதான். அதற்கடுத்த 35-வதில் கொல்லப்பட்ட பூதங்களுக்கெல்லாம் படையினர் நினைவஞ்சலி நடத்துகிறார்கள். அந்தத் தொடரில் அவர் இயக்கியவை ஆறு. ஆறும் பார்க்கத் தக்கவை. ஆனால் ஜமிலாவுக்குப் பக்கத்தில் வைக்க எதுவும் இல்லை என்பதே என் தீர்ப்பு. வெடிப்பு விழுந்த அந்த உடம்பை வடிவமைத்த தோரு நரிதா 2002-இல் காலமானார். சசாகியும் ஜிஸ்ஸோஜியும் 2006 என்ற ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் தொடர், 23-வது பகுதி. அரை மணி நேரம்கூட ஓடாது. உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் உடனே அடுத்ததைப் போட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் கூட உட்காரவையுங்கள். சயாமுக்குப் போன ஒரு மாமாவோ பெரியப்பாவோ அவர் நினைவில் இருக்கக்கூடும். பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.