ஷகீல் ஓ'நீலை ஏன் வேண்டுமென்றே பிடித்தார்கள்?

கையில் பந்தே இல்லாத ஆளை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து ஃபவுல் வாங்குவதை என்.பி.ஏ. கூடைப்பந்து ரசிகர்கள் வருடக்கணக்கில் பார்த்தார்கள். பிடிபட்டவர் ஏழடிக்கு மேல் உயரமான ஷகீல் ஓ'நீல். இந்த உத்திக்கு 'ஹேக்-எ-ஷாக்' என்றே பெயர் விழுந்தது. டல்லாஸ் பயிற்சியாளர் டான் நெல்சன் இதில் கைதேர்ந்தவர். பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான், ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது. கணக்குப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் இந்த வாரம் இந்தப் பத்தியைப் படித்தால் வீட்டில் யாரும் திட்டமாட்டார்கள்.

ஓ'நீல் வளையத்துக்கு அருகில் பந்தை வாங்கிவிட்டால் தடுக்க ஆளில்லை. வாழ்நாள் கணக்கில் அவர் எறிந்ததில் 58.2 சதவீதம் உள்ளே போயிருக்கிறது. கோட்டில் நின்று தனியாக எறியும் ஃப்ரீ த்ரோவில் மட்டும் 52.7 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் இப்படியே வைத்துக்கொண்டு பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. தசமமாக்குங்கள்: 0.582, 0.527. சாதாரணக் கூடைக்கு 2 புள்ளி. 0.582-ஐ 2-ஆல் பெருக்கினால் 1.164. ஃபவுல் செய்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 2 × 0.527 = 1.054. ஆக, ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் எதிரணிக்குச் சராசரியாக 0.11 புள்ளி மிச்சம். நெருக்கமான ஆட்டத்தில் இது சும்மா கிடைத்த பணம்.

சரி, இரண்டு எறியும் உள்ளே போக வாய்ப்பு எவ்வளவு? 52.7-ஐ 52.7-ஆல் பெருக்கி 2777 என்று விடை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் உண்டு. நூற்றுக்கு 2777 வாய்ப்பா? 0.527 × 0.527 = 0.2777. அதாவது 27.77 சதவீதம். இரண்டும் தவறிப்போக 0.473 × 0.473, ஏறத்தாழ 0.224. இன்னொரு என்.பி.ஏ. வீரரான ஸ்டீஃபன் கரியின் ஃப்ரீ த்ரோ சுமார் 91 சதவீதம். 0.91-ஐ 0.91-ஆல் பெருக்கினால் 0.83-ஐ ஒட்டி நிற்கும். அவரை யாரும் வேண்டுமென்றே பிடிக்காததன் காரணம் இந்த ஒரு பெருக்கலில் இருக்கிறது.

சதவீதம் பேசுவதற்கு வசதி. பெருக்க, வகுக்க உட்கார்ந்தால் முதல் வேலை அதை 100-ஆல் வகுப்பதுதான். தசமப் புள்ளியை இடப்பக்கம் இரண்டு இடம் தள்ளினால் முடிந்தது. விதியை ஒப்பிக்காத பிள்ளை இல்லை. வழுக்குவது ஓரங்களில்தான். 8 சதவீதத்தை 0.8 என்று எழுதுவார்கள். அது 80 சதவீதம். 8-க்கு முன்னால் ஒரு சுழியம் போட்டு 08 என்று வைத்துக்கொண்டு தள்ளினால் 0.08 தானாக வரும்.

ஒன்றுக்கும் கீழே போனால் தடுமாற்றம் இன்னும் அதிகம். 2015-16 சீசன் தொடங்கும்போது லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கை வெல்லும் என்பதற்கு பந்தய நிறுவனங்கள் கொடுத்த விலை 5000-க்கு 1. சதவீதத்தில் சுமார் 0.02. இதைத் தசமமாக்கச் சொன்னால் "ஏற்கெனவே தசமமாகத்தானே இருக்கிறது" என்று பாதி வகுப்பு விட்டுவிடும். சதவீதக் குறி இருக்கும்வரை வேலை பாக்கி. விடை 0.0002. லெஸ்டர் கோப்பையையும் தூக்கியது, அது வேறு கதை.

நூறைத் தாண்டினாலும் பயம். 2013 ஐ.பி.எல்.லில் புனே வாரியர்ஸ் பந்துவீச்சைக் கிறிஸ் கெயில் பிரித்து மேய்ந்து 66 பந்தில் 175 எடுத்தார். ஸ்டிரைக் ரேட் 265.15. இதுவும் சதவீதம்தான், குறி மட்டும் போடுவதில்லை. புள்ளியைத் தள்ளினால் 2.6515. ஒரு பந்துக்கு இரண்டரை ரன்னுக்கும் மேல்! என்னைக் கேட்டால், தொலைக்காட்சியில் 265 என்று போடுவதைவிட 2.65 என்று போட்டால் அந்த அடியின் கொடூரம் இன்னும் நன்றாக உறைக்கும்.

தசமத்தைச் சதவீதமாக்கும் தலைகீழ் வேலைக்கு கிரிக்கெட்டின் டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியல் போதும். 2023-25 சுற்றில் தென்னாப்பிரிக்கா 12 டெஸ்ட் ஆடி, அதிகபட்சம் 144 புள்ளி எடுக்க முடிந்த இடத்தில் 100 எடுத்தது. ஆஸ்திரேலியா 19 டெஸ்டில் 228-க்கு 154. புள்ளியை மட்டும் எண்ணினால் ஆஸ்திரேலியா எங்கேயோ இருக்கிறது. வகுத்தால் 0.6944-க்கு 0.6754. வலப்பக்கம் இரண்டு இடம் தள்ளிப் பட்டியலில் 69.44, 67.54 என்று அச்சடித்தார்கள்.

தசமத்தின் கடைசி இலக்கத்துக்காக ஒரு மனிதர் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். 1941 செப்டம்பர் 28. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் டெட் வில்லியம்ஸுக்கு வயது 23. சீசனின் கடைசி நாள், ஃபிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அதுவரை 448 வாய்ப்பில் 179 ஹிட். பேஸ்பாலில் சராசரியைச் சதவீதமாகச் சொல்வதில்லை, மூன்று தசம இடத்தோடு நிறுத்துவார்கள். 179-ஐ 448-ஆல் வகுத்தால் 0.39955. மூன்றாவது இடம் 9, அடுத்து நிற்பது 5. ஆகவே ஒன்று கூட்டவேண்டும், 9 பத்தாகி முன்னால் ஏற, அங்கேயும் 9, அதுவும் ஏறி 0.400. (இந்த இடத்தில் 0.3910 என்று எழுதும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவார்கள்.) விரும்பினால் உட்கார்ந்துகொள், 0.400 உன் பெயரில் பதிவாகிவிடும் என்றார் மேலாளர் ஜோ குரோனின். வில்லியம்ஸ் இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டு வாய்ப்பில் ஆறு ஹிட். 456-க்கு 185, சராசரி 0.406. முழுமையாக்கிப் பெற்ற 0.400 அவருக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. கணக்கு எழுதுகிறவர்களுக்கும் அதே பிடிவாதம் நல்லது: இடையில் வரும் தசமங்களை வெட்டாமல் கொண்டுபோய், கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

போட்டித் தேர்வுக்கு வாங்கும் புத்தகங்களில் ரன் ரேட் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 16.4 ஓவர் என்று கிரிக்கெட்டில் எழுதுவது தசமம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் நிற்பது பந்து, ஓவருக்கு ஆறு. 4 பந்து என்றால் ஆறில் நான்கு, 0.667. எனவே 16.4 ஓவர் என்பது கணக்கில் 16.667. அத்தனை ஓவரில் 150 ரன் அடித்த அணியின் ரன் ரேட் என்ன என்று கேட்பார்கள். 150-ஐ 16.4-ஆல் வகுத்தால் 9.15 வரும், கொடுத்த விடைகளில் அதுவும் இருக்கும். 16.4 ஓவருக்கு மொத்தம் 100 பந்து. நூறு பந்தில் 150, ஆகவே 150 சதவீதம், பந்துக்கு 1.5. ஆறால் பெருக்கினால் சரியாக 9.